கணக்கேடும் மறையுரை மேடையும்

ஊத்துக்கோட்டைக்கு அருகே, தமிழகமும் ஆந்திரமும் சந்திக்கும் எல்லையில், தாமரைக்குப்பம் என்னும் சிற்றூர் உள்ளது. ஆந்திரத்தின் கண்டலேறு அணையில் திறந்துவிடப்படும் கிருஷ்ணா நதிநீர், 150 கிலோமீட்டருக்கும் மேலாகக் கால்வாயில் ஓடிவந்து, இவ்விடத்தில்தான் தமிழக மண்ணைத் தொடுகிறது. 'ஜீரோ பாயிண்ட்' என்றே இவ்வட்டாரத்தார் அவ்விடத்தை அழைக்கின்றனர். 1983ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி சென்னைக்கு ஆண்டுதோறும் வரவேண்டியது 12 டி.எம்.சி. நீர். 1996இல் அந்நீர் முதன்முறையாகப் பூண்டி ஏரியை எட்டியது. அன்று தொட்டு நாளிதழ்களில் நாம் படித்துவரும் கேள்வி ஒன்றே: கண்டலேற்றில் திறந்தது எவ்வளவு, எல்லைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு? கசிந்தது, ஆவியாய்ப் போனது, வழியில் வயல்களுக்குத் திரும்பியது ஆகியவை போக எஞ்சியதே நமக்கு வந்து சேரும். ஆகவேதான் எல்லையிலே அளவுகோலை நட்டு வைத்திருக்கிறார்கள்.

அக்கால்வாயைக் காணும்போது, நம் பங்குகளில் ஓடுகின்ற இரண்டு கால்வாய்களை நாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒன்று காணிக்கை, மக்களின் கையிலிருந்து புறப்பட்டுப் பீடத்திற்கும் ஏழையின் வீட்டிற்கும் போய்ச் சேரவேண்டியது. மற்றொன்று இறைவார்த்தை, திருநூலிலிருந்து புறப்பட்டு மக்களின் உள்ளத்திற்கு வந்து சேரவேண்டியது. இரண்டிற்கும் ஊற்று இறைவனே. ஆயினும் இரண்டும் மனிதர் வெட்டிய கால்வாய்களின் வழியேதான் வருகின்றன. வழியில் எவ்வளவு கசிகிறது?

பொதுவாக நம் பங்குகளில் இவ்விரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்துவிட்டோம். மறையுரை சாமியாருடைய காரியம்; கணக்கு, பேரவையில் உள்ள நாலைந்து பேருடைய காரியம். இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கோயில் கட்டட நிதிக்காகவோ திருவிழா வரிக்காகவோ மறையுரை மேடையிலிருந்து வேண்டுகோள் எழும்பும் ஞாயிற்றுக்கிழமையே அது. அன்று பின்வரிசைகளில் எழும் முணுமுணுப்பை நாம் அறிவோம். மக்கள் கொடுக்க மனமில்லாதவர்கள் என்று அதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. நாம் அதனை ஏற்கவில்லை.

இவ்வட்டாரத்தில் கொடுப்போர் யார் என்று பார்ப்போம். ஆரணியாற்றை அடுத்த சிற்றூர்களில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் சிறு உழவர். செங்கற்சூளைகளில் விடியுமுன் மண் பிசையத் தொடங்கும் கூலியாட்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் தேர்வாய்க்கண்டிகைக்கும் நாள்தோறும் வேன் ஏறிப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர். நூறு நாள் வேலைக்குப் போகும் கைம்பெண்கள். இவர்கள் தட்டில் இடும் பத்து ரூபாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஒரு வேளைத் தேநீரையோ, பேருந்தில் ஏறாமல் நடந்த ஒரு மைலையோ குறிக்கும். கொடுப்பது இவர்களுக்குப் பாரமன்று. கொடுத்தது என்னாயிற்று என்று அறியாமலிருப்பதே பாரம். கோயில் மணிக்கூண்டு உயர்வதை அவர்கள் காண்கிறார்கள். அடுத்த தெருவில் நோயுற்றுக் கிடக்கும் குடும்பத்திற்குக் காணிக்கையிலிருந்து ஏதும் போயிற்றா என்பதை யாரும் சொல்வதில்லை.

பந்தியில் தொடங்கிய கதை

அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். எருசலேம் சபையிலே ஒரு முறுமுறுப்பு எழுந்தது. கிரேக்கம் பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வைக்கப்படுகிறது என்பதே அவர்களது குறை. மொழியால் வேறுபட்ட சிறுபான்மையினர், அதிலும் கைம்பெண்கள், அதிலும் உணவு. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் எல்லைப்புறத்து மக்களுக்கு இக்குறை எளிதில் விளங்கும். திருச்சபையின் முதல் உள்நாட்டுச் சிக்கல் ஒரு கணக்குச் சிக்கல்! அதை மறைத்துவைக்கத் திருநூல் முயலவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? போதிக்கும் பணியை விட்டுவிட்டுப் பந்தி பரிமாறுவது தங்களுக்குத் தகாது என்று கூறி, நற்பெயர் பெற்ற எழுவரைத் தேர்ந்துகொள்ளும்படி மக்களிடமே விட்டார்கள். இத்தோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள்: போதனை ஒரு புறம், பொருளாட்சி மறு புறம் எனப் பிரிக்கப்பட்டுவிட்டதாம். ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் நடப்பது வேறு. பந்திக்கென்று நியமிக்கப்பட்ட முடியப்பரே, அந்நூலில் காணப்படும் மிக நீண்ட உரையை ஆற்றுகிறார். அதற்காகக் கல்லெறியுண்டு சாகிறார். அவ்வெழுவரில் மற்றொருவரான பிலிப்பு சமாரியாவில் போதிக்கிறார். பின்பு காசா நகருக்குச் செல்லும் வழியில் தேரில் அமர்ந்து இசையாஸ் ஆகமத்தை வாசித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அதன் பொருளை விளக்கி ஞானஸ்நானம் கொடுக்கிறார். அந்த மனிதர் யார்? எத்தியோப்பிய அரசியின் கருவூலம் முழுவதற்கும் அதிகாரி! சோற்றுக் கணக்கைப் பார்க்க வந்தவர், அரசாங்கக் கணக்கைப் பார்ப்பவருக்கு மறைபோதகரானார்.

உரோமையிலும் இவ்வாறே நடந்தது. 258ஆம் ஆண்டு வேதசாட்சியாக உயிர்நீத்த புனித லாரன்ஸ், அங்கே திருச்சபையின் பொருள்களைக் காத்துவந்த தியாக்கோன். திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்கும்படி அதிகாரி கேட்டபோது, அவர் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார் என்று மரபு கூறுகிறது. அது கணக்கு ஒப்புவித்தலா, மறையுரையா? இரண்டுமேதான்.

இதற்கு எதிரான உருவமும் சுவிசேஷத்தில் உண்டு. பன்னிருவரின் பணப்பையை வைத்திருந்தவன் யூதாஸ். விலையுயர்ந்த தைலம் வீணாகிறதே, அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அழகாகப் பேசியவனும் அவனே. ஏழைகளைப் பற்றிய நல்ல மறையுரையும் நேர்மையற்ற கணக்கும் ஒரே மனிதனிடம் இருக்கக்கூடும் என்பதை அருளப்பர் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தார்.

புனித சின்னப்பரை இவ்விஷயத்தில் நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. தம்மைப் போன்றோரை இறைவனின் மறைபொருள்களைக் காக்கும் வீட்டுப் பொறுப்பாளர் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் குறிப்பிட்டு, அப்படிப்பட்டவரிடம் எதிர்பார்க்கப்படுவது நம்பகத்தன்மையே என்கிறார். இரண்டாம் திருமுகத்தில் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டப்பட்ட காணிக்கையைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் எழுதுகிறார். எவ்வளவு பணம் என்பதைவிட அதை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதிலேயே அவருக்குக் கவலை மிகுதி. தாம் தனியே எடுத்துச் செல்வதில்லை. சபைகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட சகோதரர் உடன்வருவார். இப்பெருந்தொகையைக் குறித்து எவரும் குறைசொல்ல இடமிருக்கலாகாது. ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்கவேண்டும் என்பது அவர் கருத்து. 'கடவுளுக்குத் தெரியும், அது போதும்' என்று சொல்லிக் கணக்கை மூடிவிடும் உரிமை அப்போஸ்தலருக்கே இல்லையென்றால், நமக்கு எங்கிருந்து வரும்?

விளக்கெண்ணெயும் வேதபாடமும்

நம் நாட்டிலே போதனையும் பொருளாட்சியும் ஒரே கையில் இருந்ததற்குச் சான்றாக நிற்பவர் உபதேசியார். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் காலம் முதற்கொண்டு, குருக்கள் மிகச் சிலராகவும் ஊர்கள் மிகப் பலவாகவும் இருந்தன. ஆண்டில் ஓரிரு முறையே குருவைக் காணும் ஊர்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களே. ஞாயிறுதோறும் செபம் நடத்துவர். சிறுவருக்கு மந்திரமும் ஞானோபதேசமும் கற்பிப்பர். சாவுப்படுக்கையில் உள்ளவருக்கு அருகில் இருப்பர். அடக்கச் சடங்கு நடத்துவர். கோயில் திறவுகோலும் அவர்களிடமே. விளக்கெண்ணெய்க் கணக்கும் அவர்களிடமே.

இவர்களது பணியின் பெருமையை உணர்ந்தே வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். தேம்பாவணியைப் பாடிய புலவர், தொன்னூல் விளக்கம் தந்த இலக்கண ஆசிரியர், ஊர்ஊராய்த் திரியும் உபதேசியாருக்கென்று ஒரு நூல் எழுத நேரம் கண்டார். அவர் தமிழ்ப் புலமையைப் போற்றும் மேடைகளில் இந்நூலின் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது. தலைப்பிலேயே 'ஒழுக்கம்' என்ற சொல் இருப்பதை நோக்குக. போதிப்பவனுடைய நாவைவிட அவனுடைய நடையே முதலில் ஊராரால் படிக்கப்படுகிறது.

பின்னர் 20ஆம் நூற்றாண்டில் புதுவை மறைமாநிலத்தில் உழைத்த தாமஸ் கேவன் டஃபி அடிகளாரைச் சொல்லவேண்டும். பாரீஸ் மறைபரப்புச் சபைக் குருவாகிய இவர், அயர்லாந்து தேசிய இயக்கத்தில் பெயர்பெற்ற சார்லஸ் கேவன் டஃபியின் மகன். 1920களில் திண்டிவனத்தில் உபதேசியார்களுக்கென்று பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1923இல் ஒரு ஊமைப்படமும் எடுத்தார். அதன் பெயர் 'கீழ் ஆரணி உபதேசியார்'! திரைப்படம் தமிழகத்தில் தவழ்ந்துகொண்டிருந்த நாளிலே, அரசனையும் புராண வீரனையும் விடுத்து, ஒரு சிற்றூர் உபதேசியாரின் பெயரைப் படத்திற்குச் சூட்டிய அந்தக் குருவின் உள்ளத்தை நாம் வியக்கிறோம்.

இன்று அந்த உபதேசியார் எங்கே? சில கிளைப்பங்குகளில் முதுமை எய்திய ஒருவர் இன்னும் கோயிலைப் பெருக்கி, மணியடித்து, செபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பல ஊர்களில் அவர் காலமான பின்பு அந்த இடம் நிரப்பப்படவில்லை. காரணம் கேட்டால், இக்காலத்தில் யார் வருகிறார்கள் என்பார்கள். வருபவருக்கு என்ன கொடுத்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். இளைஞன் ஒருவன் தொழிற்சாலை வேனில் ஏறினால் மாதம் முடிந்ததும் சம்பளம் உண்டு. உபதேசியார் வேலைக்கு வந்தால் ஆசீர்வாதம் மட்டுமே உறுதி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டில், முழுநேர உபதேசியார்களுக்குத் தகுந்த வாழ்க்கை வசதியும் சமூகப் பாதுகாப்பும் கிடைக்கும்படி நியாயமான ஊதியம் வழங்கவேண்டும் என்று தெளிவாகக் கேட்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், எண் 231இல், திருச்சபையின் தனிப்பணிக்குத் தம்மைக் கையளித்த பொதுநிலையினர்க்குத் தக்க ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. 2021ஆம் ஆண்டு மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார். உரோமையிலிருந்து கௌரவம் வந்துவிட்டது. ஊதியம் உரோமையிலிருந்து வராது. அது நம் தட்டிலிருந்தே வரவேண்டும்.

திருவிழா அறிவிப்புத் தாள்களை எடுத்துப் பாருங்கள். கொடி உபயம், மின்விளக்கு உபயம், சப்பர அலங்கார உபயம், வாணவேடிக்கை உபயம் என்று பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. திருவிழாவை நாம் பழிக்கவில்லை. ஏழையின் ஆண்டில் ஒளிமிகுந்த நாள் அதுவே. ஆயினும் 'உபதேசியார் ஓராண்டு ஊதியம் உபயம்' என்று அச்சிடப்பட்ட தாள் எதையும் நாம் இதுவரை கண்டதில்லை. வானில் ஒரு நொடி ஒளிர்ந்து மறைவதற்குக் கொடையாளி கிடைக்கிறார். ஆண்டு முழுதும் சிறுவருக்குச் செபம் கற்பிப்பதற்குக் கிடைப்பதில்லை. இதைச் சொல்லவேண்டிய இடம் மறையுரை மேடையே.

மக்களின் நேரமும் காணிக்கையே

மறையுரையைப் பற்றியும் ஒரு கணக்குப் பார்ப்போம். முந்நூறு பேர் கூடிய கோயிலில் இருபது நிமிட மறையுரை என்றால், அது ஆறாயிரம் நிமிடம். அதாவது நூறு மணி நேரம். கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்ட் முடித்து, கண்ணெரிச்சலோடு நேரே பூசைக்கு வந்தவனுடைய நேரமும் அதில் அடங்கியிருக்கிறது. அந்த நூறு மணி நேரத்தைப் பெற்றுக்கொள்பவர் அதற்குமுன் எத்தனை மணி நேரத்தைத் தயாரிப்பில் செலவிட்டார்? திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் மறையுரைக்கும் அதன் தயாரிப்புக்கும் நெடிய பகுதியொன்றை ஒதுக்கினார். தயாரிக்காமல் பேசுவது தாம் பெற்ற கொடைகளைப் பொறுப்பின்றிக் கையாளுவதே என்பது அவர் எண்ணம். 2024 ஜூன் மாதத்தில் அவரே, மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டவேண்டாம் என்றும், தாண்டினால் மக்கள் உறங்கிவிடுவார்கள், அது அவர்கள் குற்றமன்று என்றும் கூறினார். (சில பங்குகளில் எட்டு நிமிடம் முன்னுரைக்கே போதாது!)

ஞாயிறு, கடன்திருநாள் பூசைகளில் மறையுரையை முக்கிய காரணமின்றி விட்டுவிடலாகாது என்று சட்ட எண் 767 கூறுகிறது. இறைவார்த்தையைத் தம் மேய்ப்பரிடமிருந்து பெறுவது விசுவாசிகளின் உரிமை என்கிறது எண் 213. தரப்படுகின்ற சலுகையாக அன்றி, உரிமையாகவே அது கூறப்பட்டிருக்கிறது. காணிக்கையைப் பற்றியும் அதே தொகுப்பு இதே குரலில் பேசுகிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்நோக்கத்திற்கே செலவிடவேண்டும் என்பது எண் 1267. கல்லறைச் சுற்றுச்சுவருக்கென்று வாங்கியதை மணிக்கூண்டுக்குச் செலவிடலாகாது, மணிக்கூண்டு எவ்வளவு அழகாயிருப்பினும்! பொருள்களை ஆள்பவர் நல்ல குடும்பத் தலைவரைப் போல விழிப்பாயிருந்து, வரவு செலவு ஏடுகளை ஒழுங்காக எழுதி, ஆண்டு முடிவில் அறிக்கை தரவேண்டும் என்பது எண் 1284. பங்குதோறும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது எண் 537. விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு விசுவாசிகளிடமே கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்பது எண் 1287.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, இனி குருக்களைக் கேள்வி கேட்கலாம் என்று மகிழ்வோர் சற்றுப் பொறுக்க. கணக்கு வாசிக்கப்பட்ட ஞாயிறுகளில் நம்மில் எத்தனை பேர் இறுதி ஆசீருக்கு முன்பே வண்டியை எடுக்கப் போய்விட்டோம்? நிதிக்குழுவிற்கு வாருங்கள் என்று அழைக்கப்பட்ட கணக்குத் தெரிந்த ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் எத்தனை முறை 'வேலை அதிகம் சாமி' என்று நழுவினார்கள்? ஒரு குருவின் தலையில் பள்ளிக்கூடம், கட்டடம், வழக்கு, பத்திரம் யாவற்றையும் ஏற்றிவிட்டு, ஞாயிறன்று அவர் மறையுரை ஆழமாயில்லை என்று குறைசொல்வது நேர்மையாகாது. சங்கமும் குருக்களின் வாழ்வு பற்றிய ஏட்டில், திருச்சபைப் பொருள்களைத் திறமையுள்ள பொதுநிலையினரின் உதவியோடு ஆளும்படிதான் அவர்களைக் கேட்டுக்கொண்டது. அன்று எருசலேமில் எழுவர் முன்வந்தமையாலேயே பன்னிருவர் போதிக்க முடிந்தது.

எளிய மக்களால் இது இயலுமா என்று கேட்பவர்களுக்கு மிசோரம் விடை சொல்கிறது. அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையினர் 1910 முதல் ஒரு வழக்கத்தைக் காத்துவருகிறார்கள். உலை வைக்கும்போதெல்லாம் குடும்பத் தலைவி ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியே எடுத்து வைப்பாள். பின்னர் அது சேகரிக்கப்பட்டு விற்கப்படும். மலையூர் அடுப்படிகளில் தொடங்கிய அந்தப் பிடியரிசி இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகி, அவர்களது போதகர்களை இந்தியாவின் பிற பகுதிகளுக்கும் அனுப்புகிறது. பிடியரிசி நம் தமிழ் வீடுகளுக்கும் புதிதன்று. நம் பாட்டிமார் கோயிலுக்கும் பிச்சைக்காரருக்கும் எடுத்து வைத்ததுதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா மறைமாவட்டத்தில், பங்கின் வாழ்வில் நேரத்தாலும் உழைப்பாலும் பொருளாலும் பங்குகொள்ளும் குடும்பங்களின் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிகளில் கட்டணமின்றிப் படிக்கின்றனர். அது செல்வம் நிறைந்த நாடு. நம்மோடு ஒப்பிட முடியாது. மிசோரத்து அடுப்படி நமக்கு நெருக்கமானது.

ஊத்துக்கோட்டை போன்ற எல்லைப்புறப் பங்குகளில் செய்யக்கூடியது என்ன? மூன்று மாதத்திற்கு ஒருமுறை, ஒரே தாளில், பெரிய எழுத்தில், வரவும் செலவும் கோயில் வாயிலில் ஒட்டப்படலாம். எழுத்தறியாதோர்க்காக அன்பியக் கூட்டத்தில் அதை வாசிக்கலாம். தெலுங்கு மட்டும் நன்கறிந்த முதியோருக்குத் தெலுங்கிலும் சொல்லலாம். எருசலேமின் கைம்பெண்கள் மொழியின் பொருட்டே விடுபட்டார்கள் என்பதை மறக்கலாகாது. குரு வரமுடியாத ஞாயிறுகளில் கிளைப்பங்குக் கோயில் பூட்டிக்கிடப்பதைவிட, பயிற்சி பெற்ற ஒருவர் திருநூலை வாசித்து, எளிய விளக்கம் சொல்லி, செபம் நடத்தலாம். அவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவருக்கென்று மாத ஊதியம் இருக்கவேண்டும். அதைச் சுற்றியுள்ள குடும்பங்களே ஏற்கவேண்டும். அறுபது குடும்பங்கள் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் எடுத்து வைத்தால் மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் சேரும். அது நிறைவான சம்பளமன்று. ஆனால் இன்று பல இடங்களில் கொடுக்கப்படுவதைவிட மிகுதி.

பங்குனி மாதத்தில் பேரவைகள் வரும் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டத்தை எழுத அமரும். அதிலே 'உபதேசியார்' என்று ஒரு வரி இருக்கிறதா, இருந்தால் அதற்கு எதிரே எழுதியிருக்கும் தொகை என்ன, வாணவேடிக்கைக்கு எதிரே உள்ள தொகை என்ன என்பதை எந்தக் குடும்பமும் எழுந்து கேட்கலாம். கேட்கும் உரிமையைத் திருச்சபைச் சட்டமே தந்திருக்கிறது.